டீ-4க்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தீர்கள்

என் அப்பாவுக்கு, தூக்கத்திலும் ஸ்டேரிங் பிடித்த மாதிரியே கை மடங்கியிருந்த என் அப்பாவுக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கம்ப்யூட்டர் மெஷின் ஓடுகிறது. போன சனிக்கிழமை காலையில் முன்னறை மேசையில் வைத்து, துண்டு துண்டாகச் சேர்த்து நானே பூட்டினேன். உங்கள் கொப்பியைப் பக்கத்தில் விரித்துவைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒரு ஆணிகூட மிஞ்சாமல் பூட்டி முடித்தேன். பட்டனை அழுத்தியதும் ஃபேன் சுற்றியது, திரையில் எழுத்து வந்தது. அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "அவரு இருந்து பாக்க வேண்டியத நீ பாக்குற" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

நல்ல செய்தி அவ்வளவுதான். மீதியெல்லாம் நீங்கள் இருக்கும்போதே நான் சொல்லியிருக்க வேண்டியவை. இதை வீட்டில் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று சொன்னால் போதாதா, எதற்கு ஊர் உலகம் படிக்கிற இடத்தில் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கப்போகிறார்கள், அவர்களுக்காக நான்கு வார்த்தை. நீங்கள் மாத்தளைக்கும் இரத்தோட்டைக்கும் நடுவில் இருபத்திரண்டு வருடம் தனியார் பஸ் ஓட்டினீர்கள். சீனி வியாதி முதலில் ஒரு விரலைக் கேட்டது, பிறகு வலது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரோட்டில் போகிற பஸ்களின் கியர் சத்தத்தைக் கேட்டுக்கேட்டுத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். "செக்கன்ல ஏத்த வேண்டியத தேர்ட்ல இழுக்குறான் பாரு, எஞ்சின் அழுவுது!" முகம் தெரியாத டிரைவர் எல்லாம் உங்களிடம் ஏச்சு வாங்கினார்கள்.

அந்த வீடியோவை உங்களுக்குக் காட்டியதே நான்தான். யாரோ ஒருவர் வீட்டு மேசையில் ஒரு ஸ்டேரிங்கை மாட்டிவைத்து, கம்ப்யூட்டர் திரையில் மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறார். வளைவில் திரும்பும்போது உங்கள் தோளும் கூடவே சாய்ந்தது. "இதுக்குக் கால் வேணாமா?" என்று கேட்டீர்கள். "வேணாம்பா, எக்சிலேட்டரக்கூட கையில வெச்சுக்கலாம்" என்றேன். அதன் பிறகு என் ஃபோன் அன்று முழுவதும் என் கைக்கு வரவில்லை.

கடையில் பூட்டியே விற்கிற கேமிங் கம்ப்யூட்டர் நமக்கு எட்டாது. துண்டு துண்டாக வாங்கி வீட்டிலேயே பூட்டினால் நம் தோட்டத்து மிளகு விற்ற காசுக்குள் வந்துவிடும் என்று தெரிந்ததும் உங்களுக்குப் பிடித்த பைத்தியத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. தமிழ் வீடியோ, சிங்கள வீடியோ, அரைகுறையாக விளங்குகிற இங்கிலீஷ் வீடியோ ஒன்று விடவில்லை. கொப்பி ஒன்று வாங்கிவரச் சொல்லி, பஸ்ஸில் ஓட்டக் கணக்கு எழுதும் லொக் ஷீட் நிரப்புகிற அதே பெரிய எழுத்தில் பட்டியல் போட்டீர்கள்.

அந்தப் பக்கம் இப்போது என் முன்னால் இருக்கிறது. "புரொசெசர்: பழசானாலும் பரவாயில்ல. அது உக்காருற குழி போர்டுல இருக்கான்னு பாக்கணும்." "கிராபிக்ஸ் கார்ட்: கை மாறினது போதும். நீளம் அளக்கணும், கேசிங்ல முட்டக் கூடாது." "பவர் சப்ளை: புதுசு மட்டும். இதுதான் பிரேக், இதுல மிச்சம் புடிக்கக் கூடாது. நம்ம பக்கம் மழைக்குக் கரண்ட் வெட்டி வெட்டி வரும்."

அம்மா அதைப் பார்த்துவிட்டு, "எனக்குக் குக்கர் வாங்கித் தரப்ப இம்புட்டு யோசிச்சாரா?" என்று கேட்டாள். நீங்கள் தலையைத் தூக்கவில்லை. எந்தத் துண்டு எந்தத் துண்டோடு சேரும், எது சேராது என்பதில் மூழ்கியிருந்தீர்கள். எவ்வளவு நல்ல சாமானாக இருந்தாலும் பக்கத்துச் சாமானோடு பொருந்தாவிட்டால் அது பழைய இரும்புதான் என்று, கொழும்புக்கு வேலைக்குத் திரும்பியிருந்த என்னிடம் ஃபோனில் சொன்னீர்கள். நானும் "ம்" கொட்டிக்கொண்டு வேறு வேலை பார்த்தேன்.

எல்லாத் துண்டும் வந்து செருகுகிற மதர்போர்டுக்கு எழுதிய வரியில்தான் அந்த டீ-4 இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு போர்ட் கடையில் கிடைக்கும். பெயருக்குப் பின்னால் டீ-4 என்று இருந்தால் நாலாம் தலைமுறை ரேம், அதாவது மெமரித் துண்டு, ஏறும். அது இல்லாவிட்டால் ஐந்தாம் தலைமுறை ரேம் மட்டும்தான் ஏறும். இரண்டு ரேமிலும் அடியில் இருக்கிற வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் மாற்றிச் செருகவே முடியாது. புதுசுக்கு ஆசைப்பட்டால் கிராபிக்ஸ் கார்டுக்குக் காசு மிஞ்சாது என்று கணக்குப் பார்த்து நாலாம் தலைமுறையில் நின்றீர்கள். அந்த டீ-4க்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தீர்கள், பேனை தாளைக் கிழிக்கிற அளவுக்கு.

ரேமை வாங்கப் பல்லேபொலவுக்குப் போனது தங்கராஜ் மாமாவின் ஆட்டோவில். மாமா யாரென்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். உங்கள் பஸ்ஸில் உங்களோடு இருபத்திரண்டு வருடமும் கண்டக்டராக இருந்தவர். முதலாளி பஸ்ஸை விற்றபிறகு ஆட்டோ வாங்கி, மாத்தளையில் ஒரு பார்சல் ஆபீசுக்கு இரத்தோட்டைப் பக்கத்துப் பார்சல்களை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். பல்லேபொலவில் ரேமை விற்ற, கெம்பஸில் படிக்கிற பெடியனிடம் நீங்கள் கொப்பியைத் திறந்து வெட்டு இருக்கும் இடத்தை ஒத்துப் பார்த்தீர்களாம். அவன் மிரண்டுபோய், "அங்கிள் ஐ.டி.யில வேல செஞ்சீங்களா?" என்று கேட்க, நீங்கள் "இல்ல மகன், பஸ்" என்றீர்களாம். மாமா அதை ஒரு வாரம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இதெல்லாம் உள்ளே உட்காருகிற கேசிங் பெட்டியையும் அவர்தான் பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டி, மாத்தளையிலிருந்து பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தார். "அண்ணே, அந்த கேம்ல கண்டக்டர் உண்டா?" என்று கேட்டார். "இல்ல, டிக்கட்ட மிசினே குடுக்குது" என்றீர்கள். "அப்ப நான் பக்கத்துல உக்காந்து ரைட் சொல்றேன். நான் ரைட் சொல்லாம நீங்க எந்தக் காலத்துல பஸ் எடுத்தீங்க?" அன்றைக்கு நானும் வீட்டில் இருந்தேன். நீங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணிக் கோப்பை கவிழ்ந்தது.

எல்லாம் வந்துசேர்ந்து போர்ட் மட்டும் மிச்சம் இருந்தது. கொழும்பில்தான் கிடைக்கும், அங்கே பார்மசியில் வேலை செய்கிற நான்தான் வாங்க வேண்டும். கொப்பிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினீர்கள். "ஒண்ணயும் மாத்தாத பாப்பா" என்றும் சொன்னீர்கள்.

நான் மாற்றினேன். கடையில் நின்றவர், "மிஸ், ரெண்டும் ஒரே போர்ட்தான். டீ-4 பழசு, இது புதுசு. வெலையும் ஒண்ணுதான், இப்ப டிஸ்கவுண்ட் போகுது" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பா பழசையே கேட்கிறார், நான் புதுசாகக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நினைத்தேன். ஒரு ஃபோன் கோல் எடுத்திருந்தால் நீங்கள் இரத்தோட்டையிலிருந்தே கத்தியிருப்பீர்கள். ஏன் எடுக்கவில்லை? எட்டாம் வகுப்போடு நின்ற பஸ் டிரைவரைவிட, சட்டைப் பையில் பெயர் குத்திய கடைக்காரனுக்கு அதிகம் தெரியும் என்று நினைத்தேன். வேறு காரணம் தேடிப் பார்த்தேன் அப்பா, இதுதான் உண்மை.

நான் வாடகைக்கு இருக்கிற போர்டிங் ரூமுக்கு வந்து, கூட இருக்கிற பிள்ளைக்குக் காட்டுவதற்காகப் பெட்டியின் சீலைக் கிழித்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கோல் எடுத்தீர்கள். "பெட்டில டீ-4ன்னு போட்டிருக்கா பாரு." பார்த்தேன். இல்லை. "பாத்தியா? இருக்கா?" உங்கள் குரலில் இருந்த அவசரம் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. "பெட்டி இங்க இல்லப்பா. நேத்தே பார்சல்ல போட்டுட்டேன்" என்றேன்.

ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை, அந்தப் பொய் வந்துவிட்டது. திங்கட்கிழமை கடைக்குப் போய் மாற்றி, அன்றைக்கே பார்சல் போட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். கடையில் சீல் உடைந்த சாமானை எடுக்க மாட்டோம் என்றார்கள். கெஞ்சினேன், நடக்கவில்லை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அடுத்த சம்பளத்தில் சரியான போர்டை வாங்கி, பார்சல் எங்கேயோ சுற்றிவிட்டு வந்துவிட்டதாகச் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே ஆறுதல் சொன்னேன். அடுத்த சம்பளம் போர்டிங் வாடகைக்கும் உங்கள் மருந்துக்கும் போய்விட்டது.

நீங்கள் தினமும் கேட்டீர்கள். "தங்கராஜ் வரலன்னு சொல்றானே. பார்சல் போட்ட ரசீதுத் துண்டு இருக்கா பாப்பா?" "தொலைஞ்சிருச்சுப்பா." மேசையில் எல்லாச் சாமானும் அடுக்கிவைத்து, அம்மா தூசி படாமல் பழைய சேலையால் மூடியிருந்தாள். நீங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் சேலையைத் தூக்கிப் பார்த்தீர்களாம்.

அப்போதுதான் தங்கராஜ் மாமாவின் மகளுக்குப் படிப்புக்கென்று ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பழையது, யாரோ சொந்தக்காரர் கொடுத்தது. யாரோ உங்கள் காதில் போட்டார்கள். கலெக்ஷன் பையை இருபத்திரண்டு வருடம் எண்ணிப் பார்க்காமல் அவர் கையிலிருந்து வாங்கிய நீங்கள், பஸ் ஸ்டாண்டுக்கு ஊன்றுகட்டையோடு போய், டிரைவர்களும் சனங்களும் நிற்க, "என் புள்ள அனுப்பின பார்சல உன் புள்ளைக்குக் குடுத்தியா?" என்று கேட்டுவிட்டீர்கள்.

அம்மா அழுதுகொண்டே எனக்கு ஃபோனில் சொன்னாள். பிறகு நீங்கள் ஃபோனை வாங்கினீர்கள். "அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுப்பா" என்றேன். உங்களுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. "பின்ன யாரு எடுத்தா? நீயா எடுத்த?" என்று கேட்டீர்கள். நான் சிரித்தேன். சிரித்தேன் அப்பா. நீங்களும் அது பகிடி என்று நினைத்து விட்டுவிட்டீர்கள். அந்தக் கேள்வியை எனக்குள்ளேயே எத்தனை தடவை திரும்பக் கேட்டுப் பார்த்திருப்பேன் தெரியுமா?

அம்மா வஹகோட்டை அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டாள். தொலைந்த பொருளைக் காட்டிக்கொடுக்கிற அந்தோனியார் பார்சலையும் காட்டுவார் என்று அவளுக்கு நம்பிக்கை. ஒரு செவ்வாய்க்கிழமை நான் லீவு போட்டு வந்தேன். எப்போதும் மாமாவின் ஆட்டோவில் போகிற பயணம். அன்றைக்கு நீங்கள் பிடிவாதமாக பஸ்ஸில் வந்தீர்கள், படியில் ஏற நானும் அம்மாவும் இரண்டு பக்கமும் பிடித்தோம். வழியெல்லாம் டிரைவரின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

கோயிலில் மெழுகுதிரியைக் கொளுத்தி என் கையில் தந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டுச் சொன்னீர்கள். "அந்தோனியாரே, எடுத்த கையே கொண்டாந்து குடுக்கட்டும். நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். குடுத்தாப் போதும்." எடுத்த கை உங்கள் முழங்கைக்குப் பக்கத்தில் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டிருந்தது. நீங்கள்தான் ஒன்றும் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டீர்களே, அதற்குப் பிறகும் எனக்கு ஏன் வாய் வரவில்லை? அன்றைக்குச் சொல்லியிருந்தால் நீங்கள் திட்டியிருப்பீர்கள், திட்டி முடித்துவிட்டுத் தங்கராஜ் மாமா வீட்டுக்குத்தான் போகச் சொல்லியிருப்பீர்கள்.

மூன்று வாரத்தில் நெஞ்சுவலி என்று உங்களை வார்டில் போட்டார்கள். இரண்டாம் நாள் மாமா ஃப்ளாஸ்க்கில் கஞ்சியோடு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். "அண்ணே" என்றார். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்தீர்கள், நடுவில் நான் நின்றேன். டாக்டர் உங்களை அலட்டக் கூடாது என்று சொன்னதாக எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். மாமா ஃப்ளாஸ்க்கை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் நீங்கள் போய்விட்டீர்கள்.

சாவு வீட்டுக்கு அவர் வந்தார், ஆனால் உள்ளே வரவில்லை. ரோட்டோர மதகில் வெள்ளைச் சட்டையோடு நின்றார். சவப்பெட்டியைத் தூக்கும்போது அவர் ஒரு அடி முன்னால் வைத்தார். பழைய டிரைவர் ஒருவர், "நீ தூக்க வேணாம் தங்கராஜ்" என்றார். அவர் பின்னால் போனார். அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த அன்றைக்கு அம்மாவிடம் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அந்தோனியார்கிட்ட என்னையும் பொய் சொல்ல வெச்சிட்டியேடி" என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "தங்கராஜ் வீட்டுக்கு எப்பப் போற?" என்று மட்டும் கேட்டாள்.

ஆனாலும் நான் முதலில் மெஷினைத்தான் பூட்டினேன். சரியான போர்டை, டீ-4ஐ, இந்தத் தடவை பெட்டியைக் கடையிலேயே மூன்று தரம் படித்துப் பார்த்து வாங்கிவந்திருந்தேன். ரேம் டக் என்று உட்கார்ந்தது. உங்கள் கணக்கு ஒன்றுகூடப் பிழையாகவில்லை அப்பா. கார்ட் கேசிங்கில் முட்டவில்லை, மழை பெய்து கரண்ட் மினுங்கியும் மெஷின் அசையவில்லை. பிழையானது நான் மாற்றிய ஒன்று மட்டும்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பிழையான போர்டை அதன் பெட்டியோடு எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெட்டியை வாங்கி நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இதுக்கா?" என்றார்.

"நான் அந்த ஆபீசுக்கு மூணு தடவ போயி மூலமுடுக்கெல்லாம் தேடினேன் புள்ள. கண்டி ஆபீசுக்கும் போனேன். அண்ணன் சொன்னா வந்திருக்கும், நான்தான் எங்கயோ விட்டுட்டேனோன்னு என் மேலயே எனக்குச் சந்தேகம் வந்துச்சு." பஸ் ஸ்டாண்ட் சண்டை காதுக்கு எட்டி, ஆபீசில் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். இப்போது வாடகைக்கு ஆள் ஏற்றி ஹயர் மட்டும்தான் ஓடுகிறார். அது எனக்கு அதுவரை தெரியாது. நான் காலில் விழப் போனேன். "வேணாம், எழும்பு" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கிளம்பும்போது கூப்பிட்டார். "என்கிட்ட சொல்லிட்ட, சரி. எனக்குத்தான் தெரியுமே நான் எடுக்கலன்னு. அண்ணன் பஸ் ஸ்டாண்டுல நின்னு கேட்டாரு. நீ அங்க சொல்லு."

இப்போது புரிகிறதா, ஏன் இதை எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன் என்று? பஸ் ஸ்டாண்டில் கேட்ட காதுகளில் பாதி இப்போது வேறு ஊர்களில் இருக்கும். வாயால் சொன்னால் அங்கே நிற்கிறவர்களுக்கு மட்டும்தான் கேட்கும், எழுதினால் மற்றவர்களுக்கும் போகும் என்று பார்க்கிறேன். வாய் தடுமாறாமல் இருக்க ஒரு ஒத்திகையாகவும் இருக்கட்டும். ஆனால் இதை எழுதிவிட்டு அங்கே போகாமல் இருந்துவிட மாட்டேன், பயப்படாதீர்கள்.

உங்கள் கேமை மெஷினில் ஏற்றிவைத்திருக்கிறேன். பழைய ஸ்டேரிங் ஒன்றையும் மேசையில் மாட்டியாகிவிட்டது. மலைப்பாதை ஒன்றில் சிவப்பு பஸ் ஒன்று எஞ்சின் ஓடிக்கொண்டு நிற்கிறது. நான் எடுக்கவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். அவர் வந்து ரைட் சொன்னால் எடுப்பேன். வராவிட்டால் அது நிற்கட்டும், அவரை வரச் சொல்லிக் கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

வருகிற திங்கட்கிழமை காலையில், மாத்தளை பஸ் புறப்படுவதற்கு முன்னால், தோட்டத்து ஆட்கள் இறங்கி டிரைவர்கள் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில், நீங்கள் நின்ற அதே இடத்தில் நிற்பேன். சீல் கிழிந்த அந்தப் பெட்டி என் கையில் இருக்கும். அங்கிருந்து பார்சல் ஆபீசுக்கும் அதே பெட்டியோடு போவேன். நீங்கள் கோயிலில் கேட்டபடி, எடுத்த கையே கொண்டுவரும்.

என்ன பேசுவது என்று நிறைய யோசித்தேன். கடைசியில், நீங்கள் ஃபோனில் கேட்டதற்குப் பதிலைத்தான் முதலில் சொல்லப்போகிறேன். நீயா எடுத்த என்று கேட்டீர்களே. ஆமாம் அப்பா. நான்தான்.

அன்றைக்குச் சிரித்த உங்கள் பாப்பா,
ஸ்டெல்லா